பட்டாணியின் இரண்டு அங்குலம்

மேஸ்திரிக்கு ஆட்களின் முகம் நினைவில் நிற்காது, தரைதான் நிற்கும். "போன மாசம் பேங்க்ல பார்த்துப் பேசினோமே, ஞாபகம் இருக்கா?" என்று யாராவது கையைப் பிடித்தால் திருதிருவென்று விழிப்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பணம் கட்டுற இடத்துக்குப் பக்கத்துல ஒரு கல் கால் வெச்சா ஆடுமே, அந்த பேங்க்தானே?" என்பார். டைல்ஸ் ஒட்டுவது அவர் தொழில். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கோலிக்குண்டு கிடக்கும். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் ரசமட்டம் இருக்கிறதுதான். ஆனால் விருந்துக்குப் போகிற இடத்துக்கு அதையா தூக்கிக்கொண்டு போக முடியும்? யாரும் பார்க்காத நேரத்தில் கோலியை மெல்லக் கீழே விடுவார். அது எந்தப் பக்கமாவது உருண்டால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அடுத்தவன் வேலையில் குறை கண்டுபிடிக்கும் சுகம் இருக்கிறதே, அது கிடைத்தால் மனுஷன் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார். அதனால் உறவுக்காரர்கள் யாராவது புது வீட்டுக்குக் கூப்பிட்டால் மனைவி புறப்படும்போதே கையை நீட்டிவிடுவாள்.

"கோலியைக் குடுங்க. போன தடவை அவங்க மூஞ்சி போன போக்கு போதும்."

இவ்வளவு பேசுகிறவரின் சொந்த வீட்டுத் தரை எப்படி இருந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. கூடத்திலிருந்து படுக்கையறைக்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன ஏற்றம். வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள் பழைய தரையை உடைக்கச் சோம்பல்பட்டு அதன் தலைமேலேயே இன்னொரு தரையை ஒட்டியிருந்தார்கள். அந்த ஏற்றத்தில் கட்டைவிரலை இடித்துக்கொள்ளாதவர் குடும்பத்தில் யாரும் கிடையாது. இன்றைக்கு, நாளைக்கு என்று மேஸ்திரி வருடக்கணக்கில் ஓட்டினார். ஒருநாள் மனைவி நகம் பெயர்ந்து ரத்தம் சொட்ட நின்றபடி சொன்னாள்:

"ஊர்ல இருக்கிற தரையெல்லாம் மட்டமா இருக்கு. மேஸ்திரி வீட்டைத் தவிர."

அவள் வாயிலிருந்து 'மேஸ்திரி' என்று வந்துவிட்டால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம். அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அறைத் தரையைக் கொத்தி எடுத்து, கூடத்தோடு ஒரே மட்டமாக ஒட்டி முடித்தார். கதவுக்கு அடியில் சந்து விழுந்தது. அதை மறைக்க ஒரு மரச்சட்டத்தை வைத்து அடித்தார். கதவு நிலையின் அடியில் புதிதாக வெளியே தெரிந்த கட்டைக்கும் பெயிண்ட் அடித்தார். கடைசியில் கோலியை விட்டுப் பார்த்தார். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைபோல அது விட்ட இடத்திலேயே நின்றது. அங்கே ஒரு ஏற்றம் இருந்தது என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஒரு வாரத்தில் அந்த வீட்டுக்காரர்களே அதை மறந்துவிட்டார்கள். கட்டைவிரல் வலி போன பிறகு, அதைக் கொடுத்த இடத்தை யார் நினைத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் பதினொரு வயதுக்காரி, வாய் அதைவிடப் பெரிது. சின்னவளுக்கு ஆறு முடிந்து ஏழு. பிறந்தபோது கைக்கு அடக்கமாக உருண்டையாக இருந்ததால் பட்டாணி என்று யாரோ கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. பள்ளியில் உயர வாரியாக நிற்க வைத்தால் எப்போதும் அவள்தான் முதல் ஆள். அவளுடைய பிறந்தநாள் அன்று இரண்டு பேரையும் படுக்கையறைக்குள் கதவு நிலையோடு முதுகை ஒட்டி நிற்க வைத்து, தலைமேல் L வடிவ மூலைமட்டத்தை வைத்துப் பென்சிலால் கோடு போடுவது மேஸ்திரியின் வழக்கம். குதிகாலைத் தூக்கி ஏமாற்றப் பார்ப்பார்கள். அவரிடமா நடக்கும்?

போன வருடம் பட்டாணியின் பிறந்தநாளை ஒட்டி எல்லோரும் தீம் பார்க்குக்குப் போனார்கள். அங்கே பாம்பு ரயில் என்று ஒன்று. பச்சை நிறத்தில் வாயைப் பிளந்துகொண்டு மேலே ஏறும், பிறகு தலைகுப்புற விழுவதுபோல இறங்கும். அதன் நுழைவாயிலில் ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட ஒரு பலகை. கழுத்தில் சிவப்புக் கோடு. தலை கோட்டைத் தொட்டால் உள்ளே விடுவார்கள், தொடாவிட்டால் வந்த வழியே போகவேண்டியதுதான். பட்டாணிக்கு இரண்டு விரல் அகலம் குறைந்தது.

பெரியவளும் அம்மாவும் ரயிலில் ஏறிக் கத்திக்கொண்டிருக்க, அப்பாவும் பட்டாணியும் குழந்தைகள் பக்கம் போனார்கள். சுற்றுகிற கோப்பைகள், வாத்துப் படகு, ஆமை வேகத்தில் போகிற ஒரு பொம்மை வண்டி. வாயில் ரப்பர் வைத்துச் சப்பிக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தையின் பக்கத்தில் பட்டாணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் பாம்பு ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் மேஸ்திரிக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள்:

"அடுத்த வருஷம் என் தலை அந்தக் கோட்டுல இடிக்கும். நீதான் என்கூட ஏறணும்பா. அம்மா வேணாம்."

"ஏறிட்டாப் போச்சு" என்றார் மேஸ்திரி. ஏணியில் மூன்றாவது படிக்குமேல் ஏறச் சொன்னால் வேறு ஆளைத் தேடுகிறவர் அவர். தரையில் உட்கார்ந்து பார்க்கிற தொழிலாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான் என்று மனைவி கிண்டல் செய்வாள். ஒரு வருடம் கழித்து நடக்கப்போவதற்கு இப்போது தலையாட்டினால் என்ன குறைந்துவிடும் என்று தாராளமாக வாக்குக் கொடுத்தார்.

இந்த வருடம் பிறந்தநாள் வந்தது. பட்டாணி விடிந்ததும் விடியாததுமாக நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். மேஸ்திரி மூலைமட்டத்தை வைத்தார். பென்சிலை வைத்தார். கோடு போன வருடத்துக் கோட்டின் மேலேயே விழுந்தது.

"இரு, சரியா நில்லு" என்றார். மறுபடியும் அதே கோடு. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். நூல் அளவுகூட ஏறவில்லை. பெரியவளை நிறுத்தினால் அவளுக்கும் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. "நான் இன்னும் ஜாஸ்தி வளர்ந்திருக்கேன்" என்று அவள் அடம்பிடித்தாள். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் பட்டாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பட்டாணியின் கவுன் முழங்காலுக்கு மேலே போயிருந்தது. துவைத்ததில் சுருங்கிவிட்டது என்று அம்மா துணிக்கடைக்காரரைத் திட்டினாள். ஷூ கடித்தது. மழையில் நனைந்து இறுகிவிட்டது என்று அப்பா சொன்னார். கண்ணுக்கு முன்னால் அத்தனை சாட்சியும் நின்று கையை ஆட்டியது. ஆனாலும் மேஸ்திரி போட்ட கோடு தப்பாகுமா? அந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சே கிடையாது.

மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவள். நாள் முழுக்க நோயையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்குக் கற்பனைக்குக் கேட்கவா வேண்டும்? எந்தச் சீட்டோடு எந்தத் தாய் வந்து நின்றாலும் அது தன் பிள்ளைக்கும் இருக்குமோ என்று சீட்டை இரண்டு தடவை படிப்பாள். வீட்டில் காலையும் மாலையும் பட்டாணிக்குப் பெரிய டம்ளர் நிறையப் பால், அதில் உயரம் கூட்டுமென்று டப்பாவில் எழுதியிருந்த மாவு. பால் என்றாலே ஓடுகிற பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தது. யார் என்ன சொன்னார்களோ, நிமிர்ந்து படுத்தால்தான் உடம்பு வளரும் என்று அதன் மண்டையில் ஏறிவிட்டது. எப்போதும் முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுருண்டு தூங்குகிறவள், மத்தியானத் தூக்கத்தில்கூடக் காலை நீட்டி, கையை உடம்போடு ஒட்டி, கம்பிபோல விறைத்துப் படுத்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மேஸ்திரி வேலைக்குப் போவார். அந்த வாரம் ஒரு வீட்டுச் சமையலறையில் பூப்போட்ட கல்லைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, வீட்டுக்கார அம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இத்தனை வருடத் தொழிலில் அப்படி நடந்ததே இல்லை.

டாக்டரிடம் போனார்கள். அவர் பட்டாணியை இதற்குமுன் காய்ச்சலுக்குத்தான் பார்த்திருக்கிறார், உயரம் அளந்ததில்லை.

"ஒரு வருஷமா வளரவே இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க? வீட்ல அளக்கிறதுல முன்னப்பின்ன இருக்கும்" என்றார் டாக்டர்.

அந்த நிலைமையிலும் மேஸ்திரிக்கு ரோஷம் வந்தது. "நான் அளந்தா நூல் பிசகாது டாக்டர்."

"அப்படின்னா டெஸ்ட் எடுத்துப் பார்த்துடுவோம்" என்று திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வரச்சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஒரு சீட்டு எழுதித் தந்தார்.

அதற்கு முந்தின நாள் ஞாயிறு. "பார்க்குக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்றார் மேஸ்திரி.

"எதுக்கு? அந்தப் பலகை முன்னாடி நின்னு அழறதுக்கா?"

"அந்தப் பக்கமே போக வேணாம். கோப்பை சுத்தட்டும், படகுல போகட்டும். நாளைக்கு ஊசி குத்தப் போறாங்க. இன்னிக்கு ஒருநாள் சிரிக்கட்டுமே."

மனைவி புறப்பட்டாள். கோலியைக் கேட்கக்கூட மறந்துவிட்டாள். அதுவே அவள் இருந்த இருப்பைச் சொல்லும்.

பார்க்கில் மேஸ்திரி பட்ட பாட்டை என்னவென்று சொல்வது? பாம்பு ரயில் எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கமாகப் பார்த்து நடந்து, தன் உடம்பால் அதை மறைத்துக்கொண்டே போனார். அவ்வளவு பெரிய ரயிலை, அதுவும் ஊரே அதிரும்படி ஆட்கள் கத்துகிற ரயிலை!

"இங்க பாரு, கோப்பை சுத்துது!"

"அது பாப்பாங்களுக்கு" என்றாள் பட்டாணி. ஆனாலும் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவருக்காகச் சிரிக்கவும் சிரித்தாள்.

மத்தியானம் பாப்கார்ன் வாங்க அப்பாவும் அம்மாவும் வரிசையில் நின்றார்கள். "ரெண்டு பேரும் இந்த பெஞ்சை விட்டு நகரக்கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். திரும்பி வந்தால் பெஞ்ச் மட்டும் இருந்தது. மேஸ்திரிக்கு எங்கே போயிருப்பார்கள் என்று உடனே தெரிந்துவிட்டது. பாப்கார்ன் வழியெல்லாம் சிதற ஓடினார், பின்னாலேயே மனைவி.

பெரியவள் பார்த்துக்கொண்டிருக்க, பட்டாணி ஒட்டகச்சிவிங்கிப் பலகையோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். பக்கத்தில் மஞ்சள் தொப்பி போட்ட, பார்க்கில் வேலை பார்க்கிற பெண் அவள் தலைமேல் கையைத் தட்டையாக வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, போகலாம். கூட பெரியவங்க யாரு?" என்றாள்.

"ஏம்மா, நிறுத்து நிறுத்து!" மேஸ்திரி மூச்சு வாங்க வந்து நின்றார். "அவ உயரம் பத்தாதும்மா."

"பத்துது சார். பாருங்க, கோட்டுக்கு மேலயே இருக்கா."

மேஸ்திரி குனிந்து பார்த்தார். பட்டாணியின் தலை சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. "குதிகாலைக் கீழ வை" என்றார். கீழேதான் இருந்தது. ஷூவைக் கழற்றச் சொன்னார். தலைமுடியை உள்ளங்கையால் அமுக்கினார். அப்படியும் அரை விரல் மேலேதான் இருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், பலகையின் ஆணியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"உங்க பலகை இறங்கியிருக்கும்மா."

"இல்ல சார், தினமும் காலையில டேப் வெச்சு அளந்துட்டுத்தான் திறப்போம்."

"அப்ப தரை சரியில்ல." பையிலிருந்து கோலியை எடுத்துக் கீழே விட்டார். அது வடிகால் பக்கமாக மெதுவாக உருண்டது. "பார்த்தியா? சாயுது!"

"மழைத்தண்ணி ஓடணும்ல சார்?"

வரிசையில் பின்னால் நின்றிருந்த ஒருவருக்குப் பொறுக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். "ஏன் சார், என் பையனை வேணாங்கிறாங்க, நான் பேசாம நிக்கிறேன். உங்க பொண்ணை உள்ள வரச் சொல்றாங்க. அதுக்குப் போயா சண்டை போடுவீங்க?"

"விஷயம் தெரியாமப் பேசாதீங்க" என்றார் மேஸ்திரி. அவருக்கு நம்பிவிட ஆசையாகவும் இருந்தது, நம்பி ஏமாந்துவிட்டால் தாங்க மாட்டோம் என்று பயமாகவும் இருந்தது. மஞ்சள் தொப்பியிடம் திரும்பினார். "போன வருஷத்துக்கு அப்புறம் இங்க தரையை ஏத்திப் போட்டீங்களா?"

"எதுக்கு சார் அது?"

"எதுக்கா? நான் இந்தத் தொழில்தாம்மா பண்றேன். கோடு அங்கேயே இருக்கும். தரையை ஏத்தினா ஆள் வளர்ந்த மாதிரி தெரியும். அதே தரையை இறக்கினா ஆள் எவ்வளவு வளர்ந்தாலும் வளராத..."

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பாம்பு ரயில் தலைக்குமேல் தடதடவென்று போனது. மேஸ்திரி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க தரையில கை வைக்கலங்க" என்றாள் அவள். "கை வெச்சது நீங்க."

மேஸ்திரி அந்தச் சிமெண்ட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கதவுக்கு அடியில் வைத்து அடித்த மரச்சட்டம் கண்முன் வந்தது. அதன் உயரம் அவருக்குத் தெரியும், அவரே அறுத்தது. இரண்டு அங்குலம். பிள்ளை ஒரு வருடம் முழுக்க ஓடி ஆடிச் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு அங்குலத்தை, அதே வருடத்து விடுமுறையில் கொத்தி எடுத்து மூட்டை கட்டி வெளியே கொட்டியிருக்கிறார். போதாக்குறைக்கு டாக்டரிடம் நூல் பிசகாது என்று வேறு சொல்லியிருக்கிறார்!

மனைவி அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இன்னொன்றும் வைத்தாள். அடித்துக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "சனியன் பிடிச்ச தரை! என் வயித்துல பாலை வார்த்தாளே இந்தப் பொண்ணு!" என்று மஞ்சள் தொப்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் அவளும் சிரித்து வைத்தாள். மேஸ்திரிக்குப் போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

"அப்படின்னா எனக்கும் ரெண்டு அங்குலம் வரணும்" என்றாள் பெரியவள். "நான் அன்னிக்கே சொன்னேன். யாராச்சும் கேட்டீங்களா?"

"சார், ஏறுறதா இல்லையா? இந்த உயரத்துக்குப் பெரியவங்க ஒருத்தர் கூட வரணும்" என்றாள் மஞ்சள் தொப்பி.

"நான் போறேன்" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்பாதான்" என்றாள் பட்டாணி. அவள் ஒன்றும் மறந்திருக்கவில்லை.

ஏணியில் மூன்றாவது படியைத் தாண்டாத மேஸ்திரி, பாம்பின் கழுத்துப் பக்கத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். இரும்புத் தடுப்பு மடியில் வந்து பூட்டிக்கொண்டது. ரயில் கடகடவென்று மேலே ஏறத் தொடங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா, நாளைக்கு ஊசி உண்டா?"

"இல்ல கண்ணு."

"ஏன்?"

"நீ நல்லாத்தான் வளர்ந்திருக்கே. அப்பாதான் தரையைக் கீழ இறக்கிட்டேன். தப்பு உன் மேல இல்ல, என் மேல."

பட்டாணி யோசித்தாள். ரயில் உச்சிக்குப் போய் ஒரு நொடி நின்றது.

"அப்ப நான் குடிச்ச பாலெல்லாம்?"

மேஸ்திரி பதில் சொல்ல வாயைத் திறந்தபோது ரயில் குப்புற விழுந்தது. அவர் போட்ட கூச்சல் கீழே நின்ற மனைவிக்குத் தனியாகக் கேட்டதாம். பயத்தில் கத்தினார் என்றுதான் அவள் இன்றைக்கும் சொல்கிறாள். பயமும் இருந்தது. ஆனால் வாரக்கணக்காக உள்ளே அடைத்து வைத்திருந்ததெல்லாம் அந்த இறக்கத்தில் சேர்ந்து வெளியே வந்தது, கண்ணீரோடு. காற்றில் வந்த கண்ணீர் என்று கீழே வந்து சமாளித்தார். பட்டாணி இன்னொரு தடவை போகவேண்டும் என்றாள். போனார்கள். அதற்குப் பிறகும் ஒரு தடவை போனார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து, "நாளைக்கு டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது?" என்றாள்.

"உள்ளதைச் சொல்லு. பொண்ணு நல்லா இருக்கா, தரைதான் குள்ளமாயிடுச்சுன்னு."

"நீங்களே வந்து சொல்லுங்க, மேஸ்திரி" என்றாள் அவள். இந்தத் தடவை அந்த வார்த்தையில் கோபம் இல்லை.

பட்டாணி அப்பா மடியில் தலைவைத்துத் தூங்கிப்போயிருந்தாள். வாயோரம் பாப்கார்ன் துணுக்கு. மேஸ்திரி கீழே பார்த்தார். அவள் இரண்டு முழங்காலையும் வயிற்றோடு மடக்கி, கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துச் சுருண்டு கிடந்தாள், பழைய மாதிரி. மனைவியும் அதைப் பார்த்தாள்.

"காலை நீட்டிவிடட்டுமா? இறுக்கமா இருக்கும்."

"வேணாம்" என்றார் மேஸ்திரி. "அப்படியே இருக்கட்டும்."